அப்பாவின் ஞாபகத்தை ரேக்கில் ஒட்டிய கதை

போன வாரம் இரண்டாவது கவுண்டரில் இருக்கும் பையன் யாருக்கும் போன் போடாமல், யாரையும் கூப்பிடாமல், ஒரு 6203 பேரிங்கைத் தேடி எடுத்து, ஜாப் கார்டில் (அந்தப் பழுது வேலைக்கான அட்டையில்) ஏற்றி, கணக்கிலும் கழித்துவிட்டான். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை. எங்கள் பட்டறையில் இது நடப்பதற்கு மூன்று முயற்சியும் ஒரு வருஷத்துக்கு மேலான காலமும் ஆனது. அந்தச் சூட்டோடு எழுதி வைக்கிறேன்.

நாங்கள் பம்பும் மோட்டாரும் பழுது பார்ப்பவர்கள். காயில் கட்டுவது, பேரிங் மாற்றுவது, சீல் மாற்றுவது, கூடவே உதிரிபாக விற்பனை. அப்பா, மூத்த மெக்கானிக் அண்ணன், இரண்டு பையன்கள், நான். வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் ஒரு அளவுக்கு மேல் வளர முடியவில்லை. காரணம் பணமில்லை, இடமில்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் முன்பு துணிந்து இரண்டாவது கவுண்டரைத் திறந்தோம், நான்கே மாதத்தில் மூடினோம். அங்கிருந்து அப்பாவுக்கு ஒரே நாளில் 37 போன். எண்ணினேன். “அந்தச் சின்ன சீல் எங்கப்பா இருக்கு?”, “36 கண்டன்சர் தீர்ந்துடுச்சா?”, “பதினேழு நாப்பதுல ரப்பர் போட்டது இருக்கா?” எல்லாமே இந்த ரகம்தான். பிறகு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, பத்து நாள் பட்டறைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்து நாளில் அலமாரியில் இருந்த பொருளையே மறுபடி வாங்கினோம், ஏழு முறை. சரக்குக் கணக்கு என்று எங்களிடம் இருந்தது அப்பாவின் தலை மட்டும்தான்.

முதல் முயற்சி, மாதச் சந்தா கட்டும் ஒரு சரக்குச் செயலி. போனில் இறக்கி, நானும் இரண்டு பையன்களும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பொருட்களை ஏற்றினோம். 842 வரிசை வந்தது. பெருமையாக இருந்தது. ஐந்தாவது வாரம் யாரும் அதைத் திறக்கவில்லை.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன், அதன் வேலையை அது செய்தது. 6203 என்று தேடினால் ஒன்று வந்தது, இருப்பு பூஜ்யம் என்றது. ஆனால் ரேக்கில் பதினொன்று கிடந்தது. அவற்றில் நான்கை ஒரு பையன் “பேரிங் 17-40” என்று ஏற்றியிருந்தான், ஏனென்றால் அப்பா அப்படித்தான் சொல்வார்: உள் விட்டம் 17 மிமீ, வெளி விட்டம் 40 மிமீ. இன்னொருவன் “பியரிங் ரப்பர்” என்று மூன்று. நான் கம்பெனிப் பெட்டியில் இருந்ததைப் பார்த்து “6203 2ஆர்எஸ்” என்று நான்கு, 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. தகர மூடி போட்ட இசட்இசட் வகை அதற்குள் கலந்து கிடந்தது தனிக் கதை. ஒரே பேரிங்குக்கு இத்தனை பெயர். கப்பாசிட்டர் என்று ஒருவன், கண்டன்சர் என்று இன்னொருவன். மெக்கானிக் அண்ணன் எதையும் ஏற்றவில்லை, “எனக்குத் தெரியும்ல தம்பி” என்று சிரித்தார்.

அதனால் இரண்டாவது முயற்சியைக் கம்ப்யூட்டர் இல்லாமல் ஆரம்பித்தேன். பட்டறை மூடிய பிறகு, ஒவ்வொரு டப்பாவாக அப்பாவின் முன்னால் வைத்து, “இதை என்னன்னு கூப்பிடுவீங்க?” என்று கேட்டு போனில் பதிவு செய்தேன். பதினொரு சாயங்காலம், தினம் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாளில் இருந்து அண்ணனும் உட்கார்ந்தார். அவர்கள் இருவருக்குள்ளேயே பெயர் ஒத்துப்போகவில்லை. ஒரு வாஷருக்காகப் பத்து நிமிஷம் சண்டை. அதைக் கேட்டபோதுதான் பையன்கள் ஏன் விழிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

கடைசியில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கட்டம் வைத்தேன். ஒன்றில் நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயர். அடுத்ததில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண். மூன்றாவதில் “வேறு பெயர்கள்”: 17-40, பியரிங், பேரிங்கு, சின்ன ரப்பர், யார் எப்படிச் சொன்னாலும் அப்படியே. தேடும்போது மூன்று கட்டத்திலும் தேடும். எழுத்துப்பிழையைத் திருத்தவில்லை, பிழையாகத்தான் தேடுவார்கள். இரட்டைப் பதிவுகளைச் சேர்த்ததும் 842 என்பது 703 ஆனது. 139 பொருள் எங்கள் வாயில் மட்டுமே இருந்த பொருள்.

இதை விரிதாளில் ஏற்றும்போது வந்த கூத்துகளையும் சொல்ல வேண்டும். 3/4 என்று அளவு போட்டால் தாள் அதை ஏப்ரல் 3 ஆக்கிவிட்டது. 1/2 அங்குல நிப்பிள் பிப்ரவரி 1 ஆனது. டப்பா இருக்கும் இடத்தை ரேக்-தட்டு-டப்பா என்ற கணக்கில் 3-2-7 என்று எழுதினேன், அது 2007-ஆம் வருஷத்துத் தேதியானது. நாம் மட்டும் மாட்டிக்கொண்ட வலை இல்லை இது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போலப் பெயர் இருந்த மனித மரபணுக்களை எக்சல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். நானும் மாற்றினேன். தட்டச்சு செய்யும் முன்பே கட்டங்களை ‘வெறும் எழுத்து’ என்று அமைத்தேன். ரேக்குகளுக்கு எண்ணுக்குப் பதில் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்தேன். ஆ-2-7 எந்த ஊர்த் தேதியும் ஆகாது.

இன்னொன்று தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு. ‘கொக்கி போல்ட்’ என்று தேடினால் வரவில்லை, கண் முன்னால் வரிசை 212-ல் இருக்கிறது. ‘கொ’ எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான். பழைய பட்டியலில் இருந்து ஒட்டியவை இரண்டாம் வகை, நான் தட்டச்சு செய்தவை முதல் வகை. அந்த வரிசைகளை மறுபடி தட்டச்சு செய்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரி போனது.

அடுத்து லேபிள். என் மகத்தான முட்டாள்தனம் இங்கேதான்.

பார்கோடில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே பொருள் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வகை, மாடல், மூடி, ரேக் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் கலந்து 12 எழுத்தில் ஒரு குறியீடு. கோட் 128 என்ற பார்கோடு முறையில் அச்சிட்டேன். லேபிள் அகலம் 38 மிமீ. பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. அச்சு அழகாக வந்தது. ஸ்கேனர் படிக்கவே இல்லை. பத்துக்கு இரண்டு முறை ‘பீப்’ வந்தால் அதிர்ஷ்டம். ஸ்கேனர் மட்டம் என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். கோட் 128-ல் ஒவ்வொரு எழுத்துக்கும் 11 கட்டம், கட்டம் என்பது மிக மெல்லிய கோட்டின் அகலம். தொடக்கக் குறிக்கு 11, சரிபார்ப்புக் குறிக்கு 11, முடிவுக் குறிக்கு 13. பன்னிரண்டு எழுத்துக்கு மொத்தம் 167. இரு பக்கமும் பத்துப் பத்துக் கட்டம் வெள்ளையாக விட வேண்டும், ஆக 187. ஒரு கட்டத்துக்கு இரண்டு புள்ளி, அதாவது கால் மில்லிமீட்டர் கொடுத்தால் 46.75 மிமீ வேண்டும். என் லேபிளோ 38. அதனால் லேபிள் மென்பொருள் என்னைக் கேட்காமலேயே கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று சுருக்கிவிட்டது. மெல்லிய கோடு 0.125 மிமீ. எண்ணெய்க் கை பட்ட லேபிளில் அதை எந்தச் சாதாரண ஸ்கேனர் படிக்கும்?

அர்த்தமில்லாத ஆறு இலக்க எண்ணுக்கு மாறினேன். கோட் 128-ல் வெறும் இலக்கம் என்றால் இரண்டிரண்டாக ஒரு குறிக்குள் அடைக்கலாம். ஆறு இலக்கத்துக்கு மூன்று குறி போதும், மொத்தம் 68 கட்டம். கட்டத்துக்கு மூன்று புள்ளி தாராளமாகக் கொடுத்தாலும் கோடுகள் 25.5 மிமீ, வெள்ளை இடத்தோடு 33 மிமீ. லேபிளுக்குள் அடங்கி இன்னும் 5 மிமீ மிச்சம். அன்றைக்கு ஸ்கேன் செய்த நாற்பதில் நாற்பதும் படித்தது. எண்களை 100001-ல் தொடங்கினேன். 000001 என்று தொடங்கியிருந்தால் விரிதாள் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கி 1 என்று காட்டியிருக்கும்.

இலக்கம் மட்டும் வைத்ததில் நான் திட்டமிடாத ஒரு லாபமும் உண்டு. இந்த ஸ்கேனர்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு விசைப்பலகைதான், குறியீட்டைப் படித்துத் தட்டச்சு செய்வது போல அனுப்பும். எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால், பழைய குறியீட்டில் இருந்த ஆங்கில எழுத்தெல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்தாக விழுந்தன. இலக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

லேபிளின் அடுத்த தோல்வி வார்னிஷ் அடுப்பு. காயில் கட்டிய ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுழலாத பகுதியை, வார்னிஷில் முக்கி அடுப்பில் காய வைப்போம். நான் வாங்கியது சூட்டில் நேரடியாகக் கறுக்கும் தாள் வகை பிரிண்டர், ரிப்பன் கிடையாது. அடுப்பை ஒட்டிய ஈ ரேக்கில் ஒட்டிய லேபிள்கள் இரண்டு வாரத்தில் சாம்பல் நிறமாகிவிட்டன. மற்ற ரேக்கில் டப்பாவின் எண்ணெய்ப் பிசுக்கால் ஒட்டவே இல்லை. பையன் தின்னரைத் துணியில் நனைத்து, ஒட்டிய லேபிளின் மேலேயே துடைத்தான், அதுவும் கறுத்துப்போனது. ஆயிரம் லேபிள் சுருளில் 700-க்கு மேல் குப்பை.

இப்போது வைத்திருப்பது ரெசின் ரிப்பன் போட்ட பிரிண்டர், பாலியெஸ்டர் லேபிள். தின்னரால் டப்பாவை முதலில் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகு ஒட்டுகிறோம். எட்டு மாதமாக ஈ ரேக்கில் ஒன்றுகூட மங்கவில்லை. பொருள் ஒவ்வொன்றிலும் ஒட்டும் யோசனையையும் விட்டேன், டப்பாவுக்கு ஒரு லேபிள் போதும்.

மூன்றாவது முயற்சியில், அதாவது இப்போது ஓடும் அமைப்பில், நடுவில் ஒரு பெரிய அடி விழுந்தது. முதலில் விரிதாளை எளிமையாக வைத்திருந்தேன்: பொருள், இருப்பு. எடுத்தால் இருப்பைக் குறைத்து எழுது. ஒரு நாள் பெயர்களை அகர வரிசைப்படுத்தலாம் என்று பெயர்க் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன். பெயர்கள் இடம் மாறின, இருப்பு மாறவில்லை. ஆயில் சீலுக்கு நேரே இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) எண்ணிக்கை, இம்பெல்லருக்கு நேரே காப்பர் கம்பி. சேமித்து மூடியும் விட்டேன். கோப்பு அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் அண்ணன்தான் பார்த்தார். “தம்பி, நம்மகிட்ட 4.6 மெக்கானிக்கல் சீல் இருக்காமே?” என்றார். மூன்று நாள் எண்ணிய வேலை போனது.

அதற்குப் பிறகு இருப்பை யாரும் கையால் எழுதுவதே இல்லை. நடமாட்டத்தை மட்டும் எழுதுகிறோம். தேதி, ஜாப் எண், பொருள் எண், அளவு, யார் என்று ஐந்து கட்டம். வந்தால் கூட்டல், போனால் கழித்தல். எழுதிய வரியைத் திருத்தக்கூடாது. தவறு நடந்தால் எதிர்வரி போட வேண்டும். இருப்பைத் தாளே கூட்டிக்கொள்கிறது, சம்இஃப்ஸ் என்ற ஒரே சூத்திரம்தான், கேட்ட பொருளின் வரிகளை மட்டும் கூட்டும். இப்போது யார் எதை எப்படி வரிசைப்படுத்தினாலும் மொத்தம் தப்பாது, முழு வரியும் சேர்ந்து நகர்ந்தால் போதும். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் செய்ததும் இதுதான், அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் எண்ணிக்கை காவு போனது.

தாளை ஆன்லைனில் வைத்தேன், பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. கவுண்டருக்கு ஒரு பக்கம், ஒருவர் வரியில் மற்றவர் எழுத வழியில்லை. இணையம் போனால்? ஸ்கேனர் வெறும் விசைப்பலகை என்பதால் நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்கிறார்கள், இணையம் வந்ததும் ஒட்டுகிறார்கள். இதுவரை நான்கு முறை நடந்தது, ஒரு வரிகூடத் தொலையவில்லை.

ஸ்கேன் செய்ய முதலில் பழைய போன் ஒன்றை ரேக்கில் மாட்டிப் பார்த்தேன், செலவில்லாமல் முடிக்கலாம் என்று. ரேக் இடுக்கில் வெளிச்சம் குறைவு, கேமரா மேல் கிரீஸ் விரல். ஒரு ஸ்கேனுக்கு 6 முதல் 8 விநாடி. கையில் மோட்டாரைத் திறந்து வைத்திருப்பவனுக்கு எட்டு விநாடி என்பது ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று பொருள். யுஎஸ்பி ஸ்கேனர் ஒரு விநாடிக்குள் முடிக்கிறது.

அதைவிட முக்கியம் அது இருக்கும் இடம். கம்ப்யூட்டர் மேஜை ரேக்கில் இருந்து ஒன்பது எட்டு தூரம். ஒருவரும் அந்த ஒன்பது எட்டை நடக்கவில்லை. மூன்று வாரம் கத்திப் பார்த்துவிட்டு, மேஜையையே ரேக் அருகில் நகர்த்தினேன். கத்த வேண்டிய வேலை அன்றோடு நின்றது.

ஸ்கேனருடன் வந்த கையேட்டை மேஜையில் விட்டிருந்தேன். அதன் பக்கங்கள் முழுக்க பார்கோடு, ஒவ்வொன்றும் ஸ்கேனரின் ஒரு அமைப்பை மாற்றும். சின்னப் பையன் விளையாட்டாக ஒன்றை ‘பீப்’ செய்திருக்கிறான். அன்று சாயங்காலம் எண் வர வேண்டிய இடமெல்லாம் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியும். ஸ்கேனர் பிரெஞ்சு விசைப்பலகைக்கு மாறியிருந்தது. அந்த விசைப்பலகையில் இலக்கத்துக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும், நம் கம்ப்யூட்டரில் ஷிஃப்ட்டோடு இலக்கம் அழுத்தினால் குறிதான் வரும். ‘தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பு’ என்ற பார்கோடை மட்டும் நகலெடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கையேடு வீட்டில்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டேன். 703 பொருளில் 96 பொருள்தான் சரக்கில் முடங்கும் பணத்தில் பத்தில் எட்டுப் பங்கை விழுங்குகிறது: பேரிங், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், கப்பாசிட்டர், காப்பர் கம்பி. இவை மட்டும் ஸ்கேன். ஓ-ரிங், வாஷர், ஸ்க்ரூ, ஆயில் சீல் மாதிரி மீதி 607-க்கு இரட்டை டப்பா. முன் டப்பா காலியானால் அதில் இருக்கும் அட்டையை எடுத்துக் கதவுக்குப் பக்கத்துத் தட்டில் போட வேண்டும், பின் டப்பாவை முன்னால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் வளர்ந்த கான்பான் அட்டையின் ஏழை உறவுக்காரன். வாஷரை ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தால் பையன்கள் பேரிங்கையும் ஸ்கேன் செய்வதை நிறுத்தியிருப்பார்கள். அட்டை பழசு, ஸ்கேனர் புதுசு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் எனக்கு வெட்கமில்லை.

காப்பர் கம்பி தனித் தலைவலி. வாங்குவது கிலோவில், போவது கிராமில், ரீல் ஒவ்வொன்றும் ஒரு எடை. 22 கேஜ், அதாவது 0.711 மிமீ கம்பியையும் 23 கேஜ், 0.610 மிமீ கம்பியையும் பார்த்தே சொல்லிவிடுவதாக அண்ணன் சொல்வார், மைக்ரோமீட்டர் வைத்தால் பத்தில் ஒன்பது முறை அவர் சரி. அந்தப் பத்தாவது முறைக்காக லேபிளில் கேஜோடு மில்லிமீட்டரும் அச்சிட்டேன். காலி ரீலின் எடையை ரீலிலேயே மார்க்கரால் எழுதிவிட்டோம். வேலைக்கு முன் ரீலை எடை வை, முடிந்த பின் எடை வை, கழித்து வருவதை ஏற்று. தராசு 5 கிராம் வரை காட்டும், அது போதும். முதலில் காலி ரீல் எல்லாம் ஒரே எடை என்று எண்ணிக்கொண்டு ஒரே எண்ணைக் கழித்ததில் இரண்டு மாதம் கம்பிக் கணக்கு ஏறுக்குமாறாக இருந்தது.

சரி, கணக்கு எவ்வளவு உண்மை? வாரக் கடைசியில் 24 டப்பாவை நேரில் எண்ணுகிறோம், நான்கு வாரத்தில் 96-ம் ஒரு சுற்று. முதல் சுற்றில் 31 டப்பா தப்பு. இரண்டாவதில் 17. மூன்றாவதில் 6. கடைசிச் சுற்றில் 4. முதல் சுற்றின் தப்புகளை ஒவ்வொன்றாகத் துருவியதில் திருட்டும் இல்லை, மறதியும் குறைவு. பொருத்திப் பார்க்க இரண்டு பேரிங் எடுப்பார்கள், ஒன்றைத் திருப்பி டப்பாவில் போடுவார்கள், கணக்கில் இரண்டு போயிருக்கும். அதற்காக ரேக்கின் கீழ்த்தட்டில் ‘திரும்பியது’ என்று ஒரு சிவப்பு டப்பா. திரும்பும் பொருள் நேராக அதன் இடத்துக்குப் போகாது, சாயங்காலம் ஒருவர் அதை ஸ்கேன் செய்து உள்ளே வைப்பார். இன்னொரு மாற்றம், பொருளுக்கு முன்னால் ஜாப் கார்டை ஸ்கேன் செய்வது. ஜாப் எண் இல்லாத வரியைத் தாள் சிவப்பாகக் காட்டும். இதனால் எந்த வேலையில் எவ்வளவு பொருள் போனது என்பதும் வந்துவிட்டது, அதைப் பார்த்த பிறகுதான் சில பழுதுகளுக்கு நாங்கள் பல வருஷமாகக் குறைத்தே கூலி வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. அதை இங்கே விரிக்கவில்லை, வயிறு எரிகிறது.

மறுபடி வாங்கும் அளவுக்குப் பெரிய சூத்திரம் ஒன்றும் வைக்கவில்லை. 6203 ரப்பர் மூடி வாரத்துக்குச் சராசரி 9 போகிறது. சொன்ன நாளில் இருந்து சரக்கு வர நான்கு நாள். அந்த நான்கு நாளுக்கு ஐந்தாறு வேண்டும், ஆபத்துக்கு நான்கு. ஆக, 10-க்கு இறங்கினால் தாள் அதை மஞ்சளாகக் காட்டும். கையால் போட்ட கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறேன்.

செலவு. பணத்தில், ஸ்கேனர் இரண்டு, ரிப்பன் பிரிண்டர் ஒன்று, லேபிள், ரிப்பன், தராசு எல்லாம் சேர்த்து, கைவிட்ட செயலிக்கு இரண்டு வருஷம் சந்தா கட்டினால் ஆகியிருக்கும் தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். தூக்கிப்போட்ட முதல் பிரிண்டரைச் சேர்த்தால் இன்னும் கூடும். அப்பா ஆபரேஷனுக்கு ஓய்வில் இருந்த பத்து நாளில் இரட்டிப்பாக வாங்கியதன் மதிப்பு இதைவிட அதிகம் என்று சொல்லித்தான் வீட்டில் சமாளித்தேன், அது உண்மையும்கூட. நேரத்தில், பெயர் வைக்க 22 மணி, டப்பா துடைத்து லேபிள் ஒட்ட 14, விரிதாளுக்கு 19, எல்லோருக்கும் பழக்கிவிட 6. மொத்தம் 61 மணி நேரம். முதல் முயற்சியின் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கெட்ட லேபிள்களும் இதில் இல்லை.

மறுபடி செய்தால் பெயர் வைப்பதில் இருந்துதான் தொடங்குவேன், அதுவும் 96 பொருளுக்கு மட்டும். ஐந்து சாயங்காலத்தில் முடிந்திருக்கும். பிரிண்டர் வாங்கும் முன் ஒரே ஒரு லேபிளைக் கடன் வாங்கி அச்சிட்டு, அடுப்புப் பக்கம் ஒரு வாரம், தின்னரில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்ப்பேன். நடமாட்டத் தாளை முதல் நாளே அமைப்பேன். அண்ணனையும் முதல் நாளே உட்கார வைப்பேன். அவர் ஒதுங்கி இருந்தவரை பையன்களும் இதை என் விளையாட்டு என்றே நினைத்தார்கள். சிவப்பு டப்பா யோசனையே அவருடையது.

இரண்டாவது கவுண்டரை மறுபடி திறந்து ஆறு வாரம் ஆகிறது. அங்கிருந்து அப்பாவுக்கு வரும் போன் நாளைக்கு மூன்று, நான்கு. அதில் ஒன்றாவது சும்மா நலம் விசாரிக்க. தீராமல் இருப்பது, கம்பெனி மாறினால் மெக்கானிக்கல் சீலின் முகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா பொருந்தாதா என்பது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, அதற்கு மட்டும் இன்னும் அப்பாதான்.

அவருடைய மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. கழற்றிய நல்ல போல்ட், இப்போது வராத மாடல் புஷ், எதற்கென்று அவருக்கே தெரியாத ஸ்பிரிங். லேபிள் ஒட்டப் போனேன், “அது மட்டும் இருக்கட்டும்டா” என்றார். தாளில் 100704 என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். பொருள்: அப்பா பெட்டி. இருப்பு: 1.